போக்கர் மேசையில் முறை தவறி ஆடினால்: நேரடி ஆட்டத்துக்குப் புதியவர்களுக்கான வழிகாட்டி

செல்பேசியில் போக்கர் ஆடிப் பழகியவர்கள் காசினோ மேசையில் உட்கார்ந்ததும் செய்கிற முதல் தவறு பெரும்பாலும் ஒன்றுதான்: தன் முறை வருவதற்கு முன்பே ஆடிவிடுவது. செயலியில் இதற்கு இடமே இல்லை. முறை வந்தால்தான் பொத்தான்கள் திரையில் தோன்றும். 'செக்/ஃபோல்டு' (பந்தயம் வைக்காமல் முறையைக் கடத்துவது, இல்லையென்றால் சீட்டைப் போட்டு விலகுவது) என்று முன்கூட்டியே குறித்து வைத்தாலும் அது மற்றவர்களுக்குத் தெரியாது. நிஜ மேசையில் அப்படி எந்தத் தடுப்பும் கிடையாது. சொன்ன சொல் சொன்னதுதான், விழுந்த சிப் (பணத்துக்குப் பதிலாக வைக்கும் வில்லை) விழுந்ததுதான். அதைத் திரும்ப எடுக்கலாமா கூடாதா என்பதை விதி முடிவு செய்யும்.

இங்கே பேசுவது நோ-லிமிட் ஹோல்டெம் ஆட்டத்தைப் பற்றி: ஆளுக்கு இரண்டு மறைவான சீட்டு, நடுவில் பொதுவாக ஐந்து சீட்டு, பந்தயத் தொகைக்கு உச்சவரம்பு இல்லை. பெட் என்றால் பந்தயம் வைப்பது, கால் என்றால் அதே தொகையைக் கட்டுவது, ரெய்ஸ் என்றால் அதை உயர்த்துவது. விதிகள் இரண்டு இடங்களிலிருந்து வருகின்றன. போட்டிகளில் பெரும்பாலும் டூர்னமென்ட் டைரக்டர்ஸ் அசோசியேஷன், சுருக்கமாக டி.டி.ஏ., வகுத்த விதிகளோ அவற்றை ஒட்டியவையோ இருக்கும். 2001-இல் தொடங்கிய இந்த அமைப்பு தன் விதிகளை அவ்வப்போது கூடித் திருத்துகிறது. பண மேசைகளில் (போட்டியாக இல்லாமல் நேரடியாகப் பணத்துக்கு ஆடும் மேசைகளில்) அந்தந்த காசினோவின் சொந்த விதிகள் நடக்கும். அவற்றில் பலவற்றுக்கு 'ராபர்ட்ஸ் ரூல்ஸ் ஆஃப் போக்கர்' என்ற தொகுப்பு அடிப்படை. முறை தவறிய ஆட்டத்தைப் பொறுத்தவரை இரண்டும் ஒரு முக்கியமான இடத்தில் பிரிகின்றன. அது கீழே வருகிறது.

யார் முறை என்று எப்படித் தெரிந்துகொள்வது

ஆட்டம் கடிகார முள் சுற்றும் திசையில் நகர்கிறது. உங்கள் வலப்பக்கத்தில் கையில் சீட்டோடு இருப்பவர் ஆடி முடித்தால்தான் உங்கள் முறை. இடப்பக்கம் பார்ப்பதை விட்டுவிட்டு வலப்பக்கம் பார்க்கப் பழகினாலே பாதித் தவறு நின்றுவிடும்.

பட்டன் என்பது ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு இடம் நகரும் அடையாள வில்லை. அதற்கு இடப்பக்கம் இருக்கும் இருவர் கட்டாயமாக முதலில் வைக்கும் தொகைகள் ஸ்மால் பிளைண்ட், பிக் பிளைண்ட். நடுவில் ஒன்றாக விழும் முதல் மூன்று பொதுச் சீட்டு ஃப்ளாப், நான்காவது டர்ன், ஐந்தாவது ரிவர். ஃப்ளாப்புக்கு முன் முதலில் பேச வேண்டியவர் பிக் பிளைண்டுக்கு இடப்பக்கம் இருப்பவர். ஃப்ளாப், டர்ன், ரிவர் ஆகிய மூன்றிலும் பட்டனுக்கு இடப்பக்கம் இன்னும் சீட்டு வைத்திருக்கும் முதல் ஆள். இருவர் மட்டும் ஆடும்போது இது மாறும். பட்டன் வைத்திருப்பவரே ஸ்மால் பிளைண்ட் போடுவார். ஃப்ளாப்புக்கு முன் அவர் முதலிலும், அதற்குப் பிறகு கடைசியிலும் ஆடுவார். போட்டியின் இறுதியில் இருவர் மிஞ்சும்போது முறை தவறுவது இதனால்தான்.

பண மேசைகளில் இன்னொரு குழப்பம் ஸ்ட்ராடில், அதாவது சீட்டைப் பார்க்கும் முன்பே விரும்பி வைக்கும் கூடுதல் பந்தயம். ஸ்மால் பிளைண்ட் 1, பிக் பிளைண்ட் 3 டாலர் உள்ள மேசையில் பிக் பிளைண்டுக்கு அடுத்தவர் சீட்டுப் போடுவதற்கு முன்பே 6 டாலர் வைத்தால், முதல் பேச்சு அவருக்கு அடுத்தவருக்குப் போய்விடும். 6 டாலர் வைத்தவர் ஃப்ளாப்புக்கு முந்திய சுற்றில் கடைசியாக ஆடுவார். பட்டனில் இருப்பவர் ஸ்ட்ராடில் வைக்க அனுமதி உள்ள இடங்களில் யார் தொடங்குவது என்பது காசினோவுக்குக் காசினோ மாறும். சில இடங்களில் ஸ்மால் பிளைண்டிலிருந்து, சில இடங்களில் வழக்கம்போல் பிக் பிளைண்டுக்கு அடுத்தவரிலிருந்து. முதல் ஸ்ட்ராடில் விழும்போதே டீலரிடம் (சீட்டுப் போடும் காசினோ ஊழியரிடம்) கேட்டுவிடுங்கள்.

உட்காரும் இடமும் கணக்கில் வரும். இருக்கைகள் டீலரின் இடக்கைப் பக்கத்திலிருந்து எண்ணப்படுகின்றன. ஒன்பது பேர் மேசையில் 9-ஆம் இருக்கையும் 1-ஆம் இருக்கையும் டீலரின் இரு தோள்களுக்கு அருகில். நடுவில் டீலர் உட்கார்ந்திருப்பதால் ஒருவர் சீட்டு இன்னொருவருக்குத் தெரியாது. 1-ஆம் இருக்கையில் இருப்பவர் 9-ஆம் இருக்கையில் சீட்டு இருப்பதைக் கவனிக்காமல் ஆடிவிடுவது மிகவும் சாதாரணமாக நடக்கும். அங்கே இடம் கிடைத்தால் ஒவ்வொரு முறையும் லேசாக முன்னால் சாய்ந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

அதேபோல உங்கள் சீட்டும் மற்றவர் கண்ணில் பட வேண்டும். சிப் குவியலுக்குப் பின்னாலோ முழங்கைக்கு அடியிலோ சீட்டை வைத்திருந்தால், நீங்கள் ஃபோல்டு செய்துவிட்டதாக நினைத்து அடுத்தவர் ஆடிவிடுவார். அப்படி நேரும்போது பழியில் ஒரு பங்கு உங்களுடையது. சீட்டைத் தெரியும்படி வைப்பது ஆட்டக்காரரின் பொறுப்பு என்று டி.டி.ஏ. விதியே சொல்கிறது.

எதெல்லாம் ஆடியதாகக் கணக்கு

வாயால் சொன்னது, சிப்பை முன்னால் தள்ளியது, சீட்டை டீலர் பக்கம் வீசியது மூன்றும் கணக்கில் வரும். மேசையைத் தட்டுவது 'செக்'. இதைப் புதியவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். யோசிக்கும்போது விரலால் மேசையில் தாளம் போடும் பழக்கம் இருந்தால் டீலர் அதைச் செக் என்று எடுத்துக்கொண்டு அடுத்தவரிடம் போய்விடலாம். மேசையில் பந்தயக் கோடு வரைந்திருந்தால் சிப்போடு கை அதைத் தாண்டுவதே சில இடங்களில் பந்தயமாகிவிடும். சிப்பை முன்கூட்டியே கையில் எடுத்து வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டாம்.

"நீ பெட் வைத்தால் நான் ரெய்ஸ்" என்பது போன்ற நிபந்தனைப் பேச்சையும் விளையாட்டாகக்கூடச் சொல்லாதீர்கள். போட்டி நடத்துபவர் விரும்பினால் அந்தச் சொல்லுக்கு உங்களைக் கட்டுப்படுத்தலாம், தண்டனையும் தரலாம். எதிரே இருப்பவர் "பெட்" என்று மட்டும் சொல்லி, தொகையைச் சொல்வதற்கு முன் நீங்கள் "கால்" என்று முந்திக்கொண்டாலும் ஆபத்துதான். அவர் எந்தத் தொகையைச் சொன்னாலும் நீங்கள் கட்டியாக வேண்டும் என்று தீர்ப்பு வரக்கூடும்.

நடுவில் ஏதாவது மாறியதா?

டி.டி.ஏ. விதியின் உயிர் இந்த ஒரு கேள்வியில் இருக்கிறது. முறை தவறி ஒருவர் ஆடினால், டீலர் ஆட்டத்தை உரியவரிடம் பின்னுக்குக் கொண்டுபோவார். அங்கிருந்து முறையாக நகர்ந்து தவறியவரிடம் திரும்பி வரும்போது, அவர் எதிர்கொள்ளும் நிலைமை முன்பு இருந்தபடியே இருந்தால் அவர் செய்தது அவரைக் கட்டும். மாறியிருந்தால் கட்டாது. இடையில் இருப்பவர்கள் செக், கால், ஃபோல்டு செய்வது மாற்றம் ஆகாது. பெட் அல்லது ரெய்ஸ் வந்தால் மாற்றம்.

ஒரு ஹேண்டை, அதாவது சீட்டுப் போடுவதிலிருந்து முடிவுவரை ஓர் ஆட்டத்தை, எடுத்துக்கொள்வோம். பிளைண்ட் 500–1,000. பிக் பிளைண்ட் ஆன்டி (பிக் பிளைண்ட் போடுபவர் மேசை முழுவதுக்குமாகக் கூடுதலாகப் போடும் தொகை) 1,000. ஃப்ளாப்புக்கு 2, 3, 6, 8 ஆகிய இருக்கைகள் வந்திருக்கின்றன. ஸ்மால் பிளைண்ட் 2, பிக் பிளைண்ட் 3. எல்லோரும் ஆளுக்கு 1,000 கட்டியதால், ஆன்டியையும் சேர்த்து, நடுவில் திரண்ட பந்தயத் தொகையான 'பாட்' 5,000. இப்போது 2 செக் செய்தார். 3 யோசித்துக்கொண்டிருக்கிறார். அவரைக் கவனிக்காமல் 6 மூவாயிரத்தை முன்னால் தள்ளிவிட்டார்.

டீலர் கையை நீட்டி ஆட்டத்தை நிறுத்தி 3-இடம் திரும்புவார். 6-இன் சிப் அங்கேயே இருக்கும், எடுக்கக் கூடாது. 3 செக் செய்தால் நிலைமை மாறவில்லை, அந்த 3,000 பெட் நிற்கும். மாறாக 3 இரண்டாயிரம் பெட் வைத்தால் நிலைமை மாறிவிட்டது. 6 தன் 3,000-ஐத் திரும்ப எடுத்துக்கொண்டு ஃபோல்டு செய்யலாம், 2,000 கால் செய்யலாம், குறைந்தது 4,000-க்கு ரெய்ஸும் செய்யலாம். எல்லா வழியும் திறந்திருக்கும்.

3-ஆம் இருக்கையில் இருப்பவருக்கு இங்கே எவ்வளவு பெரிய வசதி கிடைக்கிறது என்று பாருங்கள். அவரிடம் நல்ல சீட்டு இருந்தால் நிதானமாகச் செக் சொல்வார். 6-இன் பெட் கட்டாயமாகிவிடும். பிறகு 8-உம் 2-உம் பேசி முடித்து அவரிடம் வரும்போது ரெய்ஸ் அடிப்பார். இது ஏமாற்று வேலை அல்ல, விதி அவருக்குத் தரும் உரிமை. இதே இடத்தில் 6 தன் 42,000 முழுவதையும் 'ஆல்-இன்' என்று சொல்லியிருந்தால், 3-இன் ஒரு செக் அந்த 42,000-ஐயும் பந்தயமாக நிற்கவைத்துவிடும். முறை தவறிய சொற்களில் மிகவும் விலை உயர்ந்தது இதுதான்.

இப்போது 6 பெட் வைக்கவில்லை, முறை தவறிச் செக் செய்தார் என்று வைத்துக்கொள்வோம். 3 இரண்டாயிரம் பெட் வைக்கிறார். டி.டி.ஏ. விதிப்படி செக் அழிந்துவிட்டது, 6 ரெய்ஸ்கூடச் செய்யலாம். ராபர்ட்ஸ் ரூல்ஸ் நடக்கும் மேசையில் அப்படி அல்ல. முறை தவறிச் செக் செய்தவர் தன் அடுத்த முறையில் பெட்டோ ரெய்ஸோ வைக்கக் கூடாது என்கிறது அது. 6-க்குக் கால் அல்லது ஃபோல்டு மட்டும்தான். இரண்டு விதிகளும் முக்கியமாகப் பிரியும் இடம் இதுவே. இரண்டாவதில் நியாயம் அதிகம் என்பது எங்கள் கருத்து. "நான் பலவீனம்" என்று காட்டி, முன்னால் இருப்பவரைப் பெட் வைக்கத் தூண்டிவிட்டு, ரெய்ஸ் அடிக்கும் தந்திரத்தை அது வேரோடு அறுக்கிறது. டி.டி.ஏ. அதே வேலையைத் தண்டனையின் மூலம் செய்யப் பார்க்கிறது.

ஃபோல்டுக்கு இந்தக் கேள்வியே கிடையாது. முறை தவறி ஃபோல்டு செய்தாலும் அது செல்லும், சீட்டு போனது போனதுதான். "நான்தானே விலகுகிறேன், யாருக்கு நஷ்டம்?" என்று புதியவர்கள் கேட்பது உண்டு. நஷ்டம் இருக்கிறது. 3 பொய்யாகப் பெட் வைக்கலாமா என்று யோசிக்கும்போது பின்னால் 6, 8 என்று இருவர் இருப்பதுதான் அவரைத் தயங்க வைக்கிறது. 8 முன்கூட்டியே சீட்டை வீசிவிட்டால் 3-க்குத் தைரியம் வந்துவிடும். அதன் விலையைக் கொடுப்பவர் 6.

உங்களைத் தாண்டிப் போய்விட்டால்

மேலே சொன்னதெல்லாம் தவறு உடனே கவனிக்கப்பட்டால் நடப்பது. தாண்டப்பட்டவர் வாய் திறக்காமல் இருந்தால் கதை வேறு. தன் முறையைக் காத்துக்கொள்வது ஆட்டக்காரரின் கடமை. போதுமான நேரம் இருந்தும் சும்மா இருந்தால் முறை பறிபோகும்.

எவ்வளவு நடந்தால் பறிபோகும் என்பதற்கு டி.டி.ஏ. ஒரு அளவு வைத்திருக்கிறது. 'சப்ஸ்டான்ஷியல் ஆக்‌ஷன்' என்பார்கள். உங்களுக்குப் பின்னால் இரண்டு பேர் ஆடி, அதில் ஒருவராவது 'பாட்'டுக்குள் சிப் போட்டிருந்தால் போதும். அல்லது மூன்று பேர் என்ன ஆடியிருந்தாலும் போதும், மூன்றும் ஃபோல்டாகவே இருந்தாலும் சரி. இரண்டு செக்கோ இரண்டு ஃபோல்டோ மட்டும் போதாது. போடப்பட்ட பிளைண்டுகள் இந்தக் கணக்கில் வராது.

அதே ஹேண்டில் பொருத்திப் பார்ப்போம். 3-ஐத் தாண்டி 6 மூவாயிரம் பெட் வைக்க, 8 ஃபோல்டு செய்துவிட்டார். இரண்டு ஆட்டம், ஒன்றில் சிப் விழுந்திருக்கிறது. அளவு நிறைந்துவிட்டது. 6-இன் பெட் இனி நிற்கும். 3-இன் சீட்டை என்ன செய்வது என்று ஃப்ளோர் (மேசைகளை மேற்பார்வையிட்டுத் தீர்ப்புச் சொல்பவர்) வந்து சொல்வார். சீட்டு செத்தது என்று அறிவிக்கலாம். அல்லது கால், ஃபோல்டு ஆகியவற்றில் ஒன்றுதான் என்று கட்டுப்படுத்தலாம். ரெய்ஸ் செய்யும் வாய்ப்பைப் பெரும்பாலும் மறந்துவிட வேண்டியதுதான்.

6-உம் 8-உம் செக் செய்திருந்தாலோ, அது இரண்டு செக் மட்டுமே என்பதால் 3-இன் உரிமை இன்னும் உயிரோடு இருக்கிறது. ஆனால் டீலர் சுற்று முடிந்ததாக நினைத்து டர்ன் சீட்டைப் போடத் தயாராவார். சீட்டு விழுவதற்குள் சத்தம் கொடுக்க வேண்டும்.

ராபர்ட்ஸ் ரூல்ஸில் கணக்கு எளிது: பின்னால் மூன்று பேரோ அதற்கு மேலோ ஆடும்வரை நிறுத்தாமல் இருந்தால் முறையை இழக்கலாம். கூடவே அது ஒரு பாதுகாப்பையும் தருகிறது. உங்களுக்கு முன்னால் இருப்பவரே இன்னும் ஆடவில்லை, அவருக்காகத்தான் நீங்கள் காத்திருந்தீர்கள் என்றால், பின்னால் எத்தனை பேர் ஆடியிருந்தாலும் உங்கள் உரிமை போகாது.

நிறுத்துவது எப்படி? உள்ளங்கையை மேசைக்கு மேலே நீட்டி "வெயிட், மை ஆக்‌ஷன்" என்று டீலருக்குக் கேட்கும்படி சொல்லுங்கள். ராபர்ட்ஸ் ரூல்ஸ் "டைம்" என்ற சொல்லைச் சொல்கிறது. போட்டிகளில் அதைத் தவிர்ப்பது நல்லது. ஒருவர் அதிக நேரம் எடுக்கிறார் என்று புகார் செய்து கடிகாரம் வைக்கச் சொல்லும்போதும் அதே சொல்லைச் சொல்வார்கள். மொழியையும் கவனியுங்கள். பல காசினோக்களில் ஹேண்ட் நடக்கும்போது ஆங்கிலமோ அந்த ஊர் மொழியோ மட்டும்தான் பேசலாம். ஒரே மேசையில் இரண்டு தமிழர்கள் அமர்ந்து, "அண்ணே, உங்க முறைதான்" என்று உதவிக்குச் சொன்னாலும் எச்சரிக்கை வரும்.

நீங்களே தவறிவிட்டால்

முதலில் கையை எடுத்துவிடுங்கள். தள்ளிய சிப்பைத் தொட வேண்டாம், பின்னால் இழுக்க வேண்டாம். டீலர் சொல்லும்வரை அது அப்படியே இருக்கட்டும். புதியவர்கள் பதறிப்போய்ச் சிப்பை அள்ளிக்கொள்வதால்தான் எவ்வளவு வைத்தார் என்பதே தகராறாகிவிடுகிறது.

இரண்டாவது, விளக்கம் சொல்லாதீர்கள். "சாரி" என்ற ஒரு சொல் போதும். "நீங்க செக் பண்ணிட்டீங்கன்னு நெனச்சேன், அதான் சும்மா வெச்சேன்" என்று சொன்னால் உங்கள் சீட்டின் பலத்தைப் பற்றி மேசைக்கு இன்னொரு துப்பு கிடைக்கிறது. ஹேண்ட் நடக்கும்போது சீட்டைப் பற்றிப் பேசியதே தனிக் குற்றமாகவும் ஆகலாம். முகத்தை அப்படியே வைத்துக்கொண்டு, உரியவர் ஆடி முடிக்கும்வரை காத்திருங்கள்.

மூன்றாவது, உங்கள் முறை வந்ததும் டீலர் சொல்வதைக் கேட்டு ஆடுங்கள். பெட் நிற்கும் என்றால் நிற்கும். புரியவில்லை என்றால் "ஃப்ளோர் ப்ளீஸ்" என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. டீலர் தவறான ஆளைக் கைகாட்டியதால்தான் நீங்கள் முந்தினீர்கள் என்றால் அதை ஃப்ளோரிடம் அவசியம் சொல்லுங்கள். ஃப்ளோரின் தீர்ப்பே இறுதி. ஆட்டத்தின் நலனும் நியாயமுமே அவருக்கு முதல் அளவுகோல் என்பதால், அசாதாரணமான சூழ்நிலையில் விதியின் எழுத்தைத் தாண்டியும் அவர் முடிவெடுக்கலாம்.

நீங்கள் தவறியவரும் அல்ல, தாண்டப்பட்டவரும் அல்ல, அடுத்து உட்கார்ந்திருப்பவர் என்றால் ஆடாமல் நில்லுங்கள். மேலே உள்ள ஹேண்டில் 8 சட்டென்று ஃபோல்டு செய்ததுதான் 3-இன் உரிமையைப் பறித்தது. தவறு நடப்பதைக் கண்டால் யாராக இருந்தாலும் சுட்டிக்காட்டலாம், காட்டவும் வேண்டும்.

சீட்டு முந்தி விழுந்துவிட்டால், சீட்டைத் திறந்துவிட்டால்

ஒருவரைத் தாண்டிப் போனதைக் கவனிக்காமல் டீலர் ஃப்ளாப்பைப் போட்டுவிட்டால், அந்த மூன்று சீட்டும் செல்லாது. விடுபட்ட ஆட்டம் முடிந்ததும் அவை மீதிக் கட்டோடு சேர்த்துக் கலைக்கப்படும். பர்ன் சீட்டை (ஃப்ளாப் போடும் முன் கட்டின் மேலிருந்து கவிழ்த்து ஒதுக்கிய சீட்டை) அப்படியே விட்டுவிட்டுப் புது ஃப்ளாப் வரும். உங்களுக்குச் சாதகமான ஃப்ளாப்பாக இருந்தாலும் திரும்பக் கிடைக்காது.

பின்னால் இன்னொருவர் இருப்பதை மறந்து, ஆட்டம் முடிந்ததாக நினைத்துச் சீட்டைத் திறந்து காட்டுவதும் இதே வகைத் தவறு. டி.டி.ஏ. விதியில் அதனால் உங்கள் சீட்டு சாகாது, ஆனால் தண்டனை வரலாம்.

தண்டனைகள்

முதல் தடவைக்கு வாய்மொழி எச்சரிக்கை. மீண்டும் நடந்தால் ஒரு ஹேண்ட் வெளியே, பிறகு ஒரு சுற்று வெளியே, கடைசியில் போட்டியிலிருந்தே நீக்கம். ஒரு சுற்று என்றால் தண்டனை தரும்போது மேசையில் உங்களையும் சேர்த்து எத்தனை பேரோ அத்தனை ஹேண்ட். ஒன்பது பேர் என்றால் ஒன்பது. அந்த நேரம் முழுக்க உங்கள் சிப்பிலிருந்து பிளைண்டும் ஆன்டியும் போய்க்கொண்டே இருக்கும். 500–1,000 மட்டத்தில் ஒரு சுற்றுக்கு 2,500.

இவ்வளவு கடுமை தேவையா என்றால், தேவைதான். வேண்டுமென்றே முறை தவறுபவர்கள் இருக்கிறார்கள். முன்னால் யோசிப்பவரைப் பயமுறுத்த முறை தவறி ரெய்ஸ் என்பார்கள். அவர் பயந்து செக் செய்வாரா, உண்மையான பலத்தோடு பெட் வைப்பாரா என்று பார்ப்பார்கள். பெட் வந்தால் சிப்பைத் திரும்ப வாங்கிக்கொண்டு ஃபோல்டு. முகத்தை வைத்து எண்ணத்தை நிரூபிக்க முடியாது என்பதால் எத்தனை தடவை நடந்தது என்பதை வைத்துத்தான் ஃப்ளோர் முடிவு செய்வார். ஒரே இரவில் மூன்றாவது தடவை தவறும் புதியவரும் அதே கண்ணோடுதான் பார்க்கப்படுவார்.

பண மேசையில் உட்காரும் முன்

லாஸ் வேகாஸானாலும், பணஜியில் மாண்டோவி ஆற்றில் மிதக்கும் காசினோவானாலும், சிப் வாங்கும்போதே ஃப்ளோரிடம் மூன்று விஷயங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். முறை தவறிய பெட் இங்கே கட்டுமா, திரும்ப எடுக்கலாமா? முறை தவறிச் செக் செய்தவர் பிறகு ரெய்ஸ் செய்யலாமா? பந்தயக் கோட்டுக்கு இங்கே என்ன பொருள்? கேட்பதில் கூச்சம் வேண்டாம், வழக்கமாக வருபவர்களும் புது இடத்தில் கேட்பார்கள். பதிலில் "பெரும்பாலும்", "சூழ்நிலையைப் பொறுத்து" என்று வந்தால், அந்த மேசையில் தீர்ப்பு ஃப்ளோரின் கையில் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.